ஒரு பழுதின் ஐந்து தேதிகள்: மெய்நிகர் கணினிகளின் பாதுகாப்பு வரலாற்றிலிருந்து ஓர் இயல்

2015ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ‘வெனம்’ என்னும் பெயர் கணினிப் பாதுகாப்பு உலகெங்கும் பரவியது. சி.வி.இ-2015-3456 என்பது அதன் பொதுப் பதிவெண். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜேசன் கெஃப்னர் அதைக் கண்டறிந்தார். பழுது இருந்த இடம் கியூஎமு என்னும் திறமூல மென்பொருளில், ஃபிளாப்பி வட்டுக் கட்டுப்படுத்தியைப் போல நடித்துக் காட்டும் ஒரு சிறு பகுதி. அந்தப் பழுது 2004 முதல் அங்கே இருந்தது. மேசைகளிலிருந்து ஃபிளாப்பி மறைந்துபோன பின்னரும், உலகின் தரவு மையங்களில் அதன் போலி வடிவம் பதினோர் ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது. அதனூடே, ஒருவர் வாடகைக்கு எடுத்த கணினியிலிருந்து அதைத் தாங்கும் கணினிக்குள்ளும், அங்கிருந்து பிறருடைய கணினிகளுக்குள்ளும் நுழைவதற்கு ஒரு வழியும் திறந்திருந்தது.

தொழில்நுட்ப வரலாறுகள் இத்தகைய நிகழ்வுகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தேதியைத்தான் பதிவு செய்கின்றன: பழுது உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாள். உண்மையில் ஒரு பழுதுக்கு ஐந்து தேதிகள் உண்டு. அது எழுதப்பட்ட நாள், கண்டறியப்பட்ட நாள், சிலருக்கு மட்டும் சொல்லப்பட்ட நாள், அனைவருக்கும் சொல்லப்பட்ட நாள், ஒவ்வொரு கணினியிலும் அது உண்மையாகவே அடைபட்ட நாள். முதல் இரண்டும் பொறியியலின் வரலாற்றைச் சேர்ந்தவை. மூன்றாவதும் ஐந்தாவதும் அதிகாரத்தின் வரலாற்றைச் சேர்ந்தவை. யார் முன்னதாக அறிந்தார், யார் இறுதியாகக் காப்பாற்றப்பட்டார் என்ற வினாக்களை அவை எழுப்புகின்றன. மெய்நிகர் கணினி மென்பொருளின் நினைவகப் பழுதுகள் கையாளப்பட்ட விதத்தை இவ்வைந்து தேதிகளின் வழியே பார்ப்பது பயனுள்ளது. அதற்குத் தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் ஒரு நல்ல தொடக்கப் புள்ளி.

1. படத்தளமும் மெய்நிகர் கணினியும்

டாலிகஞ்ச் வங்கத் திரைப்படத்தின் ஊர். 1931இல் பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் முதல் டெக்னீஷியன்ஸ் ஸ்டூடியோ வரை பல படப்பிடிப்பு நிலையங்கள் அங்கே இருந்துவந்துள்ளன. ஒரு நிலையத்துக்குள் பல தளங்கள். ஒவ்வொரு தளமும் ஒரு தயாரிப்பாளருக்கு வாடகைக்கு விடப்படும். ஒரு தளத்தில் ஜமீன்தார் மாளிகை, அடுத்ததில் மருத்துவமனை. உள்ளே நிற்பவருக்கு அது முழுமையான ஓர் உலகம். ஆனால் மின்சாரம், மேற்கூரை, வாயில் எல்லாம் பொது. இரண்டு தளங்களுக்கும் இடையே சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மீதே வாடகை ஒப்பந்தம் நிற்கிறது.

மெய்நிகர் கணினியின் அமைப்பும் இத்தகையதே. ஒரே வன்பொருளின் மீது பல கணினிகள் இருப்பதான தோற்றத்தை ஹைபர்வைசர் என்னும் மென்பொருள் உருவாக்குகிறது. ஒவ்வொரு வாடகையாளருக்கும் தனி இயங்குதளம், தனி வட்டு, தனி வலையமைப்பு அட்டை. இவற்றில் பெரும்பாலானவை மென்பொருளால் கட்டப்பட்ட அரங்கப் பொருள்கள். இப்பொருள்களைச் செய்து தரும் பணியில்தான் கியூஎமு சிறந்து விளங்கியது. மாளிகைக் காட்சியில் யாரும் திறக்காத ஓர் அலமாரி, பின்புறம் அடுத்த தளத்துக்குள் திறப்பதாக இருந்தால் என்ன ஆகும்? 2015இல் ஃபிளாப்பிக் கட்டுப்படுத்தி அத்தகைய அலமாரியாக இருந்தது.

2. சுவர் தேவைப்படாத காலம்

டாலிகஞ்சுக்குக் கிழக்கே சிறு தொலைவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் உள்ளது. கொல்கத்தாவின் வடக்கே பரானகரில் இயங்கும் இந்தியப் புள்ளியியல் கழகமும் இப்பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய டிரான்சிஸ்டர் கணினி ‘ஐ.எஸ்.ஐ.ஜே.யூ-1’ 1966இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1950களின் நடுவில், எச்.இ.சி-2எம் என்னும் பிரித்தானியக் கணினியைக் கழகம் வாங்கியிருந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினியாக அறியப்படுவது அதுவே. அப்பத்தாண்டின் இறுதியில் சோவியத் நாட்டின் ஊரல் வந்து சேர்ந்தது.

இத்தகைய தொடக்ககாலக் கணினிகளில் ஒரு நேரத்தில் ஒருவரின் நிரலே ஓடியது. நிரல் தன் எல்லையை மீறி நினைவகத்தில் எழுதினால் தன் விடையைத்தான் கெடுத்துக்கொண்டது. அண்டை வீட்டார் என்று ஒருவர் இல்லை. நினைவக மீறல் அன்று ஒரு பிழை. பாதுகாப்புக் குறைபாடு அன்று. பிழை குறைபாடாக மாறியது கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிரத் தொடங்கியபோதுதான்.

பகிர்வுக்கான ஒரு விடையாக ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1960களில் சி.பி-40, சி.பி-67 ஆகிய அமைப்புகளை உருவாக்கியது. ஒவ்வொரு பயனருக்கும் முழுக் கணினி ஒன்று தனியே இருப்பதான தோற்றத்தை அவை தந்தன. அவற்றின் வழித்தோன்றலான வி.எம்/370, 1972 ஆகஸ்டு 2 அன்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது, தமிழகத்தின் கணினிக் கல்வி வரலாற்றில் அது ஒரு திருப்பம். 370/155 என்னும் மாதிரி தன் தொடக்க வடிவில் முகவரி மாற்ற வன்பொருள் இல்லாமலே வெளிவந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நிரல் கேட்கும் முகவரியை உண்மையான முகவரியாக மாற்றித் தரும் அவ்வன்பொருள் இல்லாமல் வி.எம்/370 இயங்காது, பின்னர் தனி விலை கொடுத்து அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. சுவர் அன்றே தனியாக விற்கப்பட்ட ஒரு பொருள்.

1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகியோர் ஒரு கணினியை முறையாக மெய்நிகராக்க அதன் கட்டளைத் தொகுதி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை வரையறுத்தனர். பின்னாளில் உலகை நிரப்பிய இன்டெல் எக்ஸ்86 செயலிகள் அந்நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. எனவே 1990களின் இறுதியில் வி.எம்.வேர் நிறுவனமும், 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸென் திட்டமும் வேறு உத்திகளைக் கையாண்டன. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் வன்பொருள் உதவியை வழங்கின. 2007இல் கே.வி.எம். லினக்ஸ் கருவின் பகுதியாயிற்று. செயலியைப் பகிரும் சிக்கல் இவ்வாறு பெருமளவு தீர்ந்தது. தீராமல் நின்றவை துணைக்கருவிகள்: வட்டு, திரை, விசைப்பலகை, வலையமைப்பு அட்டை, ஃபிளாப்பி. இவற்றை மென்பொருளே நடித்துக் காட்ட வேண்டும். ஃபப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு அந்நடிப்பைச் செய்தது. ஸென், கே.வி.எம். இரண்டும் அதை எடுத்துக்கொண்டன. ஒரு தனிமனிதரின் முயற்சியாகத் தொடங்கிய நிரல், சில ஆண்டுகளில் உலக மேகக் கணிமையின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று.

3. அறிந்தே விடப்பட்ட குறை

கியூஎமு சி மொழியில் எழுதப்பட்டது. ஓர் அணியின் எல்லைக்கு வெளியே எழுதுவதை அம்மொழி தானாகத் தடுப்பதில்லை. இக்குறை யாரும் அறியாததும் அன்று. அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் அளித்த அறிக்கை, எல்லை சரிபார்க்காத இடைநினைவின் வழியே அமைப்பைக் கைப்பற்ற முடியும் என்பதை விளக்கியிருந்தது. சி மொழி உருவாகிக்கொண்டிருந்த ஆண்டும் அதுவே. டோனி ஹோர் 1980இல் ஆற்றிய டூரிங் விருது உரையில், எல்லைச் சரிபார்ப்பை 1960களிலேயே தம் குழு அல்கால் மொழிபெயர்ப்பியில் சேர்த்ததையும், வேகத்துக்காக அதை நீக்கலாமா என்று கேட்டபோது பயனர்கள் மறுத்ததையும் நினைவுகூர்ந்தார். 1988 நவம்பரில் மோரிஸ் புழு, ஃபிங்கர் என்னும் சேவையின் இடைநினைவு மீறலைத் தன் வழிகளில் ஒன்றாகக் கொண்டு பரவியது. அதே மாதத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசர உதவிக் குழு நிறுவப்பட்டது.

ஆக, பழுதைக் கையாளும் நிறுவனங்களின் வரலாறு நினைவகப் பழுதிலிருந்தே தொடங்குகிறது. பழுதின் வேரைக் களைவதற்கு முன்பே பழுதை நிருவகிக்கும் அமைப்பு வந்துவிட்டது. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த வரிசையிலேயே நகர்ந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைபாடுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பாதுகாப்பு சார்ந்தவை என்று 2019இல் அந்நிறுவனத்தின் பொறியாளர் மாட் மில்லர் எடுத்துக்காட்டினார்.

4. 512 பைட்டுகள்

வெனம் பழுதின் தொழில்நுட்பம் எளிமையானது. விருந்தினர் இயங்குதளம் ஃபிளாப்பிக் கட்டுப்படுத்திக்குக் கட்டளைகளையும் அவற்றுக்குரிய தரவையும் ஒவ்வொரு பைட்டாக அனுப்பும். கியூஎமு அவற்றை 512 பைட்டுகள் கொண்ட ஓர் இடைநினைவில் வரிசையாக வைக்கும். அடுத்த பைட்டை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஓர் எண் காட்டும். கட்டளை நிறைவேறியதும் அவ்வெண் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளிலும் அது முறையாகத் திரும்பியது. இரண்டில் மட்டும் தவறியது. ஒன்றில் திரும்புவதற்குச் சிறு கால இடைவெளி இருந்தது. மற்றொன்றில் அனுப்பப்படும் தரவைப் பொறுத்துத் திரும்பாமலே போக முடிந்தது. அவ்வேளையில் விருந்தினர் மேலும் மேலும் பைட்டுகளை அனுப்பினால், 512ஐத் தாண்டி, ஹைபர்வைசருக்கு உரிய நினைவகத்தில் அவை எழுதப்படும்.

இவ்வாறு எழுதுவதற்கு விருந்தினர் கணினிக்குள் நிருவாகி உரிமை வேண்டும். சொந்தக் கணினியில் இது பெரிய தடை. வாடகைக் கணினியில் தடையே இல்லை. மேகக் கணிமையில் ஒவ்வொரு வாடகையாளரும் தம் தளத்தின் நிருவாகியே. ‘எங்களிடம் ஃபிளாப்பி இல்லையே’ என்ற விடையும் பயன்படவில்லை. ஸென்னிலும் கியூஎமுவிலும் நிருவாகி ஃபிளாப்பியை நீக்கிவிட்டதாக அறிவித்தாலும், தொடர்பற்ற வேறொரு பிழையினால் கட்டுப்படுத்தியின் நிரல் செயலில் இருந்தது. வி.எம்.வேர், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியவை பாதிக்கப்படவில்லை. வெனம் என்ற சொல்லின் ஆங்கில விரிவில் ‘புறக்கணிக்கப்பட்ட’ என்ற சொல்லும் இடம்பெற்றிருப்பது பொருத்தமே.

ரெட் ஹாட் பொறியாளர் ஒருவர் எழுதிய திருத்தம் பழுதை விடவும் எளிமையானது: எண்ணை 512ஆல் வகுத்து, மீதியை மட்டும் இடமாகக் கொள்வது. எண் எவ்வளவு வளர்ந்தாலும் இடம் எல்லைக்குள் நிற்கும். சில வரிகளில் வேலை முடிந்தது.

முடிந்தது நிரலில்தான். மெய்நிகர் கணினிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. திருத்தப்பட்ட கியூஎமுவை நிறுவினாலும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகள் பழைய நிரலைத் தம் நினைவகத்தில் வைத்துக்கொண்டே ஓடும். விருந்தினர் உள்ளிருந்து மறுதொடக்கம் செய்தாலும் பயனில்லை. கியூஎமு செயல் அதே செயலாகத் தொடரும். மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டும். அல்லது திருத்தப்பட்ட வேறொரு கணினிக்கு ஓடும் நிலையிலேயே இடம் மாற்ற வேண்டும். வாடகையாளர் தாமே மறுதொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்பலாம். பழுது அப்படியே இருக்கும். நான்காம் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் இடையிலான தொலைவு இதுதான். அது நாள்களாகவும் இருக்கலாம், ஆண்டுகளாகவும் இருக்கலாம். எந்த ஆவணத்திலும் அது பதிவாவதில்லை.

5. முன்னதாக அறிந்தவர்கள்

மூன்றாம் தேதியின் அரசியலைக் காண வெனத்துக்குச் சில மாதங்கள் முன்னே செல்ல வேண்டும். 2014 செப்டம்பர் இறுதியில் அமேசான் தன் வாடகைக் கணினிகளில் ஒரு பகுதியை மறுதொடக்கம் செய்யப்போவதாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. அது மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் கூறியது. காரணத்தை விளக்கவில்லை. அதே நாள்களில் ‘ஷெல்ஷாக்’ என்னும் வேறொரு பழுது வெளியாகியிருந்ததால், அதற்காகத்தான் என்று பலர் எண்ணினர். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் விளக்க நேர்ந்தது. ராக்ஸ்பேஸ் நிறுவனமும் தன் கணினிகளை மறுதொடக்கம் செய்தது.

அக்டோபர் 1 அன்று காரணம் வெளியானது. ஸென் திட்டத்தின் 108ஆம் பாதுகாப்பு அறிக்கை, சி.வி.இ-2014-7188. சூசே நிறுவனத்தின் யான் பொய்லிஷ் கண்டறிந்த பழுது. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியை நடித்துக் காட்டும் நிரல், 256 பதிவகங்களுக்கு மாறாக 1024 பதிவகங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தது. விருந்தினர் அந்த மிகைப் பதிவகங்களைப் படிக்க முயன்றால், அதற்கென ஒதுக்கிய நினைவகப் பக்கத்துக்கு அப்பால் உள்ளவற்றைப் படிக்க முடிந்தது. அப்பாலுள்ளவை பிற வாடகையாளரின் தரவாகவோ ஹைபர்வைசரின் தரவாகவோ இருக்கலாம். வெனம் எல்லை மீறி எழுதிய பழுது. இது எல்லை மீறிப் படித்த பழுது.

அமேசானும் ராக்ஸ்பேஸும் முன்னதாக அறிந்தது எவ்வாறு? ஸென் திட்டம் ஒரு முன்னறிவிப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. பொதுமக்களுக்குக் கணினி வாடகைக்கு விடுவோர், ஸென் சார்ந்த பொருள்களை விற்போர், ஸென்னை உள்ளடக்கிய இயங்குதளங்களை வழங்குவோர், பெரிய அளவில் ஸென்னைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆகியோர் விண்ணப்பித்து அதில் இடம்பெறலாம். பட்டியலில் உள்ளோருக்குப் பழுது முன்கூட்டியே தெரிவிக்கப்படும். குறித்த நாள் வரை அவர்கள் அதை வெளியே சொல்லக் கூடாது. 2012 ஜூனில் வெளியான வேறொரு பழுதுக்குப் பின், இப்பட்டியலில் யார் இருக்கலாம், பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் முன்னுரிமை தருவது முறையா என்ற விவாதம் அச்சமூகத்தில் வெளிப்படையாகவே நடந்தது. 2014க்குப் பின் இன்னொரு வினா எழுந்தது: இரகசியக் காலத்திலேயே திருத்தத்தை நிறுவலாமா? நிறுவினால், மறுதொடக்கமே ஒரு செய்தியாகிவிடுகிறதே! அதன்பின் ஒவ்வொரு அறிக்கையும், இரகசியக் காலத்தில் எதை நிறுவலாம், எதை நிறுவக் கூடாது என்பதை எழுத்தில் குறிப்பிடுவது வழக்கமாயிற்று.

இப்பட்டியலைச் சதி என்று ஒதுக்கிவிட முடியாது. பழுதை அனைவருக்கும் ஒரே கணத்தில் அறிவித்தால், திருத்தம் தயாராகும் முன்பே தாக்குவோர் தயாராகிவிடுவர். கோடிக்கணக்கான மக்களின் தரவைத் தாங்கும் நிறுவனங்கள் முன்னதாகத் திருத்திக்கொண்டால், அந்நிறுவனங்களின் எளிய வாடிக்கையாளர்களும் காக்கப்படுகின்றனர். ஸென் திட்டம் தன் பட்டியலின் உறுப்பினர்களையும் விதிகளையும் பொதுவில் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. ஆயினும் விளைவு ஒன்றே. தன் ஆய்வகத் தேவைக்காக நான்கு கணினிகளில் ஸென் இயக்கும் ஒரு கல்லூரி அவ்வரையறைக்குள் வராது. அந்தக் கல்லூரிக்கு மூன்றாம் தேதி என்று ஒன்று இல்லை. தாக்குவோருக்குச் செய்தி கிடைக்கும் அதே நாளில்தான் அதற்கும் கிடைக்கும். தன்னிறைவுடன் தன் கணினியைத் தானே நடத்துவோர், பெரிய நிறுவனத்திடம் வாடகைக்கு இருப்போரை விடத் தாமதமாகக் காக்கப்படுகின்றனர். மேகக் கணிமை ஒரு சில நிறுவனங்களிடம் குவிந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. அறிவு சென்றடையும் வரிசையும் அவற்றுக்குச் சாதகமாக இருந்தது.

6. இந்தியாவின் இடம்

அந்த ஆண்டுகளில் இந்தியா எங்கே நின்றது? 2014 பிப்ரவரியில் ‘மேகராஜ்’ என்னும் அரசு மேகக் கணிமைத் திட்டத்தின்கீழ்த் தேசியத் தகவலியல் மையத்தின் தேசிய மேகம் தொடங்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் திறமூல மென்பொருளைக் கொண்டு ‘மேகதூத்’ என்னும் மேகக் கணிமை அடுக்கை உருவாக்கியிருந்தது. அமேசானின் முதல் இந்திய வட்டாரம் மும்பையில் திறக்கப்பட்டது 2016 ஜூனில்தான்; ஆகவே 2014இல் மறுதொடக்கத்துக்கு உள்ளான அமேசான் கணினிகளை இந்தியர் வாடகைக்கு எடுத்திருந்தால், அவை இந்திய மண்ணுக்கு வெளியே இருந்தவையே.

பழுதுகளைக் கையாளும் நிறுவன அமைப்பும் படிப்படியாகவே வளர்ந்தது. இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. வெனம் பழுது கியூஎமுவுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில் என்பது தற்செயல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 70பி பிரிவின் வழியே அக்குழுவுக்குச் சட்ட அடித்தளம் தந்தது. அத்திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் பழுதுகளுக்குப் பொதுப் பதிவெண் வழங்கும் உரிமை செர்ட்-இன்னுக்குக் கிடைத்தது. அதுவரை பிறர் பதிந்த பழுதுகளை அறிவித்துவந்த அமைப்பு, தானே பதியும் நிலைக்கு உயர்ந்தது.

2022 ஏப்ரல் 28ஆம் நாள் செர்ட்-இன் வெளியிட்ட கட்டளைகள் பரவலாக விவாதிக்கப்பட்டன. இணையப் பாதுகாப்பு நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயற்பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். மெய்நிகர் தனிச் சேவையகங்களையும் மேகக் கணிமையையும் வழங்குவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் பேண வேண்டும். அன்றைய விவாதம் பெரும்பாலும் தனியுரிமையைச் சுற்றியே நடந்தது. செய்தி பாயும் திசையும் அதே அளவு கவனத்துக்கு உரியது. இக்கட்டளைகளில் செய்தி கீழிருந்து மேலே பாய்கிறது: நிறுவனத்திலிருந்து அரசுக்கு, மணிக்கணக்கில். ‘உங்கள் மெய்நிகர் கணினி இன்னும் பழைய நிரலில்தான் ஓடுகிறது, அதை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்’ என்று வாடகையாளருக்கு இத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்னும் கடமை அவற்றில் இல்லை. மூன்றாம் தேதி சந்தையின் கையிலும், ஐந்தாம் தேதி தனிமனிதரின் விழிப்பிலும் விடப்பட்டுள்ளன.

7. அலமாரியை அகற்றுதல்

வெனத்துக்குப் பிந்தைய பத்தாண்டில் தீர்வுகள் மூன்று திசைகளில் வளர்ந்தன.

முதலாவது, அரங்கப் பொருள்களைக் குறைப்பது. 2018 நவம்பரில் அமேசான் திறமூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர், வட்டு, வலையமைப்பு போன்ற மிகச் சில கருவிகளை மட்டுமே நடித்துக் காட்டுகிறது. ஃபிளாப்பிக்கு அங்கே இடமில்லை. கியூஎமுவும் 2019 இறுதியில் குறைந்த கருவிகள் கொண்ட ஒரு பொறி வகையைச் சேர்த்தது.

இரண்டாவது, மொழியை மாற்றுவது. ஃபயர்கிராக்கர் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அணியின் எல்லையை மீறுவதை அம்மொழி, நிரலர் வேண்டுமென்றே பாதுகாப்பற்ற பகுதி என்று குறித்தாலன்றி, அனுமதிப்பதில்லை. 2024 டிசம்பரில் வந்த கியூஎமு 9.2 பதிப்பில் சோதனை முயற்சியாக ரஸ்ட் இடம்பெற்றது. இருபதாண்டு கால சி நிரலை ஒரே நாளில் மாற்ற முடியாது. கருவி கருவியாகத்தான் மாற்ற முடியும்.

மூன்றாவது திசையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலித் திட்டத்தில் காமகோடி, செஸ்டர் ரெபெய்ரோ உள்ளிட்டோர் பங்கேற்ற ஆய்வுகள், எல்லைச் சரிபார்ப்பை வன்பொருளிடமே ஒப்படைக்க முயன்றன. 2017இல் ‘சக்தி-டி’, 2019இல் ‘சக்தி-எம்.எஸ்.’. ஒவ்வொரு சுட்டியும் நினைவகத்தில் எங்கிருந்து எங்கு வரை செல்லலாம் என்ற தகவலைச் செயலி அறிந்திருந்தால், சி மொழியில் எழுதிய பழைய நிரலின் மீறலையும் அது தடுத்துவிடும் என்பதே அடிப்படைக் கருத்து. பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜில் செரி என்னும் திட்டம் இதே நோக்கில் நீண்ட காலமாக நடந்துவருகிறது. முகவரி மாற்ற வன்பொருள் இல்லாத மாதிரியில் வெளிவந்த 370/155ஐ 1973இல் வரவேற்ற அதே வளாகத்திலிருந்து, நினைவகச் சுவரைச் செயலிக்குள்ளேயே கட்டும் ஆய்வுகள் வெளிவந்தன. அந்த நாற்பது சொச்சம் ஆண்டுகள் இந்தியக் கணினியியல் வரலாற்றில் தனியே எழுதப்பட வேண்டியவை.

8. எழுதப்படாத தேதி

இம்மூன்று தீர்வுகளும் முதல் தேதியைத் தாக்குகின்றன; பழுது எழுதப்படாமலே இருக்க வழி செய்கின்றன. அது நன்றே. ஆனால் முன்பே எழுதப்பட்ட நிரல் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பழுதுகளுக்கு மற்ற நான்கு தேதிகளும் இனிமேல் வரவிருக்கின்றன.

டாலிகஞ்சில் ஒரு சிறிய படத்தொகுப்பு நிலையம் இருப்பதாகக் கொள்வோம். படத்தின் இறுதி வடிவங்களைச் சேமிக்க, மலிவான ஒரு மெய்நிகர் கணினியை அது வாடகைக்கு எடுத்திருக்கிறது. கணினியைத் தந்தவர் இன்னொருவரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விடுபவர். ஹைபர்வைசரில் பழுது வெளியாகிறது. திருத்தமும் அன்றே வருகிறது. செய்தித்தாள்கள் எழுதி முடிக்கின்றன. அந்நிலையத்தின் கணினி ஒருமுறைகூட நிறுத்தப்படாமல் ஓடுகிறது. ‘இத்தனை நாள் தடையின்றி ஓடியது’ என்ற எண் திரையில் பெருமையுடன் வளர்கிறது. தடையின்மைக்குச் சான்றாக எல்லாரும் கொள்ளும் அதே எண், பழைய நிரல் இன்னும் நினைவகத்தில் இருக்கிறது என்பதற்கும் சான்றாக இருக்கக்கூடும்.

கணினியியல் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்புகளின் தேதிகளைத் தொகுத்திருக்கின்றனர். பழுதுகளின் பொதுப் பதிவேடுகள் அறிவிப்புகளின் தேதிகளைத் தொகுத்திருக்கின்றன. ஐந்தாம் தேதிக்குப் பதிவேடு இல்லை; அதைத் தொகுக்கும் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கும் இல்லை. பல்கலைக்கழகங்களின் கணினி மையங்கள் தொடங்கக்கூடிய மிக எளிய ஆவணப் பணி அதுவாக இருக்கலாம்: தம் ஹைபர்வைசர் இறுதியாகத் திருத்தப்பட்டது எப்போது, அதன்பின் ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் முழுமையாக நிறுத்தி இயக்கப்பட்டது எப்போது என்னும் இரண்டு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை. அவ்விரு பத்திகளுக்கும் இடையிலுள்ள நாள்களின் எண்ணிக்கை, வெனம் குறித்து இதுவரை எழுதப்பட்டவற்றில் இல்லாத ஒன்றைச் சொல்லும்.